வாரண்டி இருக்கும் காருக்கு வெளி ஆயில்: ஜி.பி. ரோடு முதல் ஜாப் கார்டு வரை

வாங்கியது மூன்று பொருள். ஷெல் ஹீலிக்ஸ் எச்.எக்ஸ்.8 0டபிள்யூ-20 ஆயில், பாஷ் ஆயில் ஃபில்ட்டர், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர். கார் 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, கம்பெனி வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. கார் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே வரும் சர்வீஸ் சென்டர் பேச்சு எந்தக் கம்பெனி கவுண்டரிலும் கேட்கக்கூடியதுதான்; ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

ஆயிலும் ஃபில்ட்டரும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரிதாக மிச்சமில்லை. சர்வீஸ் சென்டரின் பேரல் ஆயிலும் நல்ல பிராண்டு ஃபுல்லி சிந்தெடிக் கேனும் லிட்டர் விலையில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. பில்லை ஏற்றுவது எஞ்சின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிஸ்இன்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங் என்று ஆயிலுக்குக் கீழே வரிசையாக வரும் அயிட்டங்கள். அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வெளி ஆயில் எதற்கு, வாய் போதும்.

அப்புறம் எதற்கு இந்த அலைச்சல்? எனக்கு வேண்டியிருந்தது சீல் உடைக்காத கேன். பேரலிலிருந்து குழாய் வழியாக வரும் ஆயிலில் என்ன கிரேடு, எந்த பேட்ச் என்று வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிய வழியில்லை. கேன் என்றால் லேபிளைப் படிக்கலாம், மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவள். எதற்கும் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும் என்பது தொழில் வியாதி.

வாரண்டிப் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் காரின் ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து ஆயில் பக்கத்தைப் பாருங்கள். என் மேனுவலில் எங்கள் கம்பெனி ஆயிலைப் பரிந்துரைக்கிறோம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே 0டபிள்யூ-20 என்ற கிரேடும் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரம் இன்னது அல்லது அதற்கு மேல் என்றும் இருக்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது வரியை. நான் வாங்கிய கேனில் 0டபிள்யூ-20, ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று இருந்தது. எஸ்.பி. 2020 மே மாதம் வந்த தரம். அதற்கு முந்தைய எஸ்.என். கேட்கும் காருக்கும் தாராளமாகப் போடலாம். தரம் மேலே போனால் தப்பில்லை. கிரேடு மாறினால்தான் வம்பு.

இந்த இடத்தில் நம்மூர் மெக்கானிக்குகளோடு ஒரு வழக்கு இருக்கிறது. என் ஸ்கூட்டரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் பல்லாவரம் பாய், கையில் தங்கம் உள்ள மனுஷர். கேனைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என்னம்மா இது, தண்ணி மாதிரி இருக்கு. நம்ம வெயிலுக்கு 10டபிள்யூ-40 ஊத்துங்க, இஞ்சின் கல்லு மாதிரி நிக்கும்." பழைய எஞ்சின்களை வைத்து அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால் 0டபிள்யூ என்பது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கான எண். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மையைச் சொல்வது பின்னால் வரும் 20. 100 டிகிரி சூட்டில் அது 6.9-லிருந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது அளவு. சென்னையில் வெளியே 42 டிகிரி அடித்தாலும், தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்யும் எஞ்சினுக்குள் ஆயில் ஏறக்குறைய அதே சூட்டில்தான் ஓடும். இன்றைய எஞ்சின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், வால்வ் டைமிங்கை மாற்றும் சின்னச் சின்ன ஆயில் வழிகள் எல்லாமே இந்த மெல்லிய ஆயிலை மனதில் வைத்துச் செய்தவை.

வாரண்டி விஷயமும் இதில்தான் மாட்டும். எஞ்சினில் ஏதாவது வந்து, உள்ளே இருப்பது 10டபிள்யூ-40 என்று தெரிந்தால், கம்பெனி கையை விரிப்பதற்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாயிடம் இதைச் சொன்னேன். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்றார். அது சம்மதம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

வாங்கியது அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில். உதிரி பாகத்துக்கும் கார் அலங்காரத்துக்கும் சென்னைக்கே பெயர்போன தெரு. முதல் கடையில் "மேடம், வண்டி நம்பரைச் சொல்லி சாரை அனுப்புங்களேன்" என்றார்கள். சார் வந்தால் வேறு ஃபில்ட்டர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். அங்கே பெரியவர் ஒருவர் மாடல், வருஷம், எஞ்சின் மூன்றையும் கேட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் சரியான டப்பாவை எடுத்து வைத்தார். பார்ட் நம்பரை பாஷ் கேட்டலாக்கில் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. ஆனால் பில் நேரம் வந்ததும் அவரும், "எஸ்டிமேட் போதுமா, பில் வேணுமா?" என்றார். எஸ்டிமேட் என்றால் கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. கொஞ்சம் விலை குறையும்.

தயவுசெய்து அந்தக் குறைச்சலுக்கு ஆசைப்படாதீர்கள். நாளைக்கு வாரண்டிக்காக நீட்டப்போகும் முதல் காகிதம் இதுதான். ஜி.எஸ்.டி. பில்லில் கடையின் பதிவு எண், தேதி, ஆயிலின் முழுப் பெயர் கிரேடோடு, ஃபில்ட்டரின் பார்ட் நம்பர், கூடவே என் வண்டி நம்பர் எல்லாம் எழுதி வாங்கினேன். வண்டி நம்பரைப் பில்லில் போடச் சொன்னதற்குப் பெரியவர் சிரித்தார். ஆனால் போட்டுக் கொடுத்தார். ஷெல் மூடியில் ஸ்கேன் செய்யும் க்யூ.ஆர். ஸ்டிக்கர் இருக்கிறது, கடை வாசலிலேயே ஸ்கேன் செய்து அசல்தான் என்று பார்த்து, ஸ்கிரீனைப் படம் எடுத்துக்கொண்டேன். போலி ஆயில் நம்மூரில் கதை இல்லை, நிஜம். காலி கேனை அப்படியே எடைக்குப் போடாமல், யாரும் திரும்ப நிரப்பி விற்க முடியாதபடி குத்திக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

ஃபில்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயிலைவிட இதில்தான் ஏமாற்று அதிகம். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தகர டப்பா. பாயின் ஷெட்டில் வேறு ஏதோ காரிலிருந்து கழற்றிய ஒரு போலி ஃபில்ட்டர் கிடந்தது. அதையும், மாற்றும்போது வாங்கி வைத்திருந்த என் பழைய கம்பெனி ஃபில்ட்டரையும் பக்கத்தில் வைத்து அறுத்துக் காட்டச் சொன்னேன். போலியில் பேப்பர் மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் கிடந்தன; ஒரு இடத்தில் பசை விட்டு, விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாக ஆயில் வடிகட்டாமலே போயிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வே அதில் இல்லை. அது இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, ஃபில்ட்டர் நிரம்பி மேலே ஆயில் ஏறும்வரை எஞ்சின் தலைப்பகுதி டக டகவென்று அடிக்கும். கம்பெனி ஃபில்ட்டரில் மடிப்பு சீராக இருந்தது, ரப்பர் வால்வு வளைந்து கொடுத்தது, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் தெரிந்தது. புதிய பாஷ் ஃபில்ட்டரை அறுக்க மனசு வரவில்லை. ஆனால் திருகு மரைக்குச் சுற்றியுள்ள துளைகள் வழியே டார்ச் அடித்தால் ரப்பர் வால்வு இருப்பது நன்றாகவே தெரிகிறது. வாங்கும் முன் நீங்களும் இதைச் செய்யலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

இனி சர்வீஸ் சென்டர். ஷெட்யூல் சர்வீஸை ஆதரைஸ்டு இடத்திலேயே செய்வது, ஆயிலும் ஃபில்ட்டரும் மட்டும் நாம் கொண்டுபோவது: இதுதான் நான் எடுத்த வழி. சர்வீஸ் ஹிஸ்டரி கம்பெனி கம்ப்யூட்டரில் ஏறிவிடும். சர்வீஸ் அட்வைசர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பாடம் பண்ணிய பதில்.

"வெளி ஆயில் ஊத்தினா வாரண்டி போயிடும் மேடம்."

"எந்த கண்டிஷன்ல அப்படி இருக்கு?"

"அது கம்பெனி பாலிசி மேடம்."

"சரி, இந்த கிரேடு ஆயில் ஊத்தினதால வாரண்டி ரத்துன்னு ஜாப் கார்டுல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க. நான் உங்க ஆயிலையே போட்டுக்கறேன்."

அவர் உள்ளே போனார். மேனேஜர் வந்தார், கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேனுவலின் அந்தப் பக்கத்தையும் பார்த்தார். கடைசியில் ஜாப் கார்டில் ஒரு வரி சேர்ந்தது: ஆயில், ஃபில்ட்டர் கஸ்டமர் கொண்டுவந்தது. நான் அதற்குப் பக்கத்திலேயே பிராண்டு, கிரேடு, பார்ட் நம்பர் எழுதச் சொன்னேன். அந்தப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அது நியாயம்தான், அதற்குப் பொறுப்பு அதைச் செய்த கம்பெனி. லேபர் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். எல்லாச் சென்டரும் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது வழக்கு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தப்பான வேலையால் என்ன கெட்டதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக் கதை. அமெரிக்காவில் இது இன்னும் நேரடி. 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, இலவசமாகக் கொடுத்தாலொழிய இன்ன பிராண்டு பொருளைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்க முடியாது. அங்குள்ள வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. அனுமதி தந்தால்தான் விலக்கு. 2015-ல் பி.எம்.டபிள்யூ.வின் மினி பிரிவு இதே விஷயத்தில் எஃப்.டி.சி.யின் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, சமரசத்துக்கு வந்தது.

ஆனாலும் கவுண்டரில் நின்று ஆணைய உத்தரவைப் படித்துக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. பில், ஜாப் கார்டு, தேதி தவறாத சர்வீஸ், இந்த மூன்றும் கையில் இருந்தால் ஆயில்தான் எஞ்சினைக் கெடுத்தது என்று காட்டும் வேலை அவர்கள் பக்கம் போகிறது. அதற்கு மேலும் முறுக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ என்ற கணக்கில் தேதியைக் கோட்டைவிட்டால், கம்பெனி ஆயிலே ஊற்றியிருந்தாலும் வாதம் பலவீனம்தான்.

ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? நேர்மையாகச் சொன்னால், கம்பெனி ஆயிலுக்கும் இதற்கும் என் காதுக்கும் காலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மைலேஜ் கூடவில்லை, குறையவில்லை. காலை ஸ்டார்ட்டில் சத்தமில்லை. டிப் ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை, ஃபில்ட்டர் ஓரத்தில் கசிவு இல்லை. பழைய ஃபில்ட்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று இரண்டு வளையம் இருந்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டும். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். வாஷரையும் புதிதாகவே போட்டார்கள். ஏர் ஃபில்ட்டர், ஏ.சி. கேபின் ஃபில்ட்டர் இரண்டுக்கும் சர்வீஸ் சென்டர் வரை போகவே வேண்டாம், பல கார்களில் கையாலேயே கழற்றி மாட்டலாம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் இதே கேனை வாங்கக் கூடாது. பி.எஸ்.-6 டீசல் கார்களில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். மேனுவலில் ஏசியா (ACEA, ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தின் ஆயில் தரம்) சி2, சி3, சி5 என்று எது போட்டிருக்கிறதோ அதுவேதான், பக்கத்து எண்கூட வேண்டாம். சாம்பல் அதிகமுள்ள ஆயிலை ஊற்றி வடிகட்டி அடைத்தால், வாரண்டி மறுப்பில் கம்பெனி பக்கம்தான் நியாயம் இருக்கும், புதிய டி.பி.எஃப். விலையோ தலை சுற்றும். டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் ஏ.பி.ஐ. எஸ்.பி.க்குக் கீழே இறங்க வேண்டாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி காசு கொடுத்து எடுத்தவர்கள் அதன் நிபந்தனைத் தாளைத் தனியாக எடுத்துப் படியுங்கள். அது வேறு ஒப்பந்தம். பெரும்பாலும் சர்வீஸ் முழுக்க ஆதரைஸ்டு இடத்தில்தான் என்று எழுதியிருக்கும். அந்தக் காலம் ஆரம்பித்தால் நானும் அவர்கள் பேரல் ஆயிலுக்கே போய்விடுவேன். சில ஆயிரம் கொடுத்து வாங்கிய காகிதத்தை ஒரு கேனுக்காகப் பணயம் வைக்க என்னால் முடியாது.