டெல் பவர்வால்ட் எம்இ5024: ஸ்விட்ச் இல்லாத கிளஸ்டருக்கு ஏற்ற ஸ்டோரேஜ்

இரண்டு சர்வர்களைக் கொண்டு ஃபெயில்ஓவர் கிளஸ்டர் (ஒரு சர்வர் பழுதானால் மற்றது அதன் வேலையை ஏற்கும் கூட்டமைப்பு) அமைக்க விரும்பும் சிறிய அலுவலகங்களில், சர்வர்களையும் வட்டுகளையும் வாங்கிய பிறகு, இரண்டையும் இணைத்து நடுவில் நிற்க வேண்டிய இரண்டு ஸ்விட்சுகளின் விலையைக் கேட்டுத் திட்டத்தையே ஒத்திப்போடுவது வழக்கமாக நடக்கிறது. டெல் நிறுவனத்தின் பவர்வால்ட் எம்இ5024 என்ற ஸ்டோரேஜ் பெட்டியை 12 ஜிகாபிட் எஸ்ஏஎஸ் (சர்வரையும் ஸ்டோரேஜையும் கேபிளால் நேரடியாக இணைக்கும் முறை) போர்ட்டுகளுடன் வாங்கினால், அந்த ஸ்விட்சுகளுக்கு வேலையே இல்லை. சர்வர்களிலிருந்து கேபிள் நேராகப் பெட்டிக்கே வந்துவிடுகிறது. இதே ஒரு காரணத்துக்காகவே எங்கள் ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினி மென்பொருள்) கிளஸ்டருக்கு இதைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு சரியானதே என்று இப்போதும் கருதுகிறேன்.

ரேக்கில் 2யு (இரண்டு அலகு) உயரமே எடுத்துக்கொள்ளும் இப்பெட்டியின் முன்புறம் 2.5 அங்குல வட்டுகள் 24 அமர்கின்றன. பின்புறத்தில் மேலும் கீழுமாக வட்டுகளைச் சர்வர்களுடன் இணைத்துக் கட்டுப்படுத்தும் இரண்டு கன்ட்ரோலர்கள் உள்ளன. மேலே இருப்பது ஏ, கீழே இருப்பது பி. ஒவ்வொன்றிலும் சர்வர்களுக்கென நான்கு போர்ட்டுகள் இருப்பதால், ஒரு சர்வருக்கு ஏ-யில் ஒன்றும் பி-யில் ஒன்றுமாகக் கணக்கிட்டு, நான்கு சர்வர்கள் வரை இரட்டைப் பாதையுடன் இணைக்கலாம். இரண்டு சர்வர்களுக்கு நான்கு கேபிள்கள் போதும். ஐஸ்கசி (நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை இணைக்கும் முறை) வகையில் செய்ய வேண்டியிருக்கும் ஐபி முகவரி, தனித்தனி சப்நெட், ஜம்போ ஃப்ரேம் போன்ற நெட்வொர்க் அமைப்புகள் எவையும் இங்கே தேவைப்படவில்லை.

ஆனால் கேபிள் செருகுவது எளிது என்பதும், சரியாகச் செருகியிருக்கிறோம் என்பதும் ஒன்றல்ல. ஒரு சர்வரின் இரு கேபிள்களையும் வேண்டுமென்றே ஏ கன்ட்ரோலரிலேயே செருகிப் பார்த்தேன். எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரிந்தன, விண்டோஸ் சர்வரின் எம்பிஐஓ (ஒரே ஸ்டோரேஜுக்கான பல பாதைகளைக் கையாளும் வசதி) இரண்டு பாதைகள் இருப்பதாகவே காட்டியது, கிளஸ்டர் சரிபார்ப்பும் தேறிவிட்டது. ஏ கன்ட்ரோலரை நிர்வாகத் திரையிலிருந்து மறுதொடக்கம் செய்தபோதுதான் அந்தச் சர்வரின் கண்ணிலிருந்து வால்யூம்கள் (பெட்டி சர்வருக்குத் தரும் சேமிப்புப் பகுதிகள்) மொத்தமாக மறைந்தன. கேபிள்களை முறைப்படி ஏ, பி எனப் பிரித்துச் செருகிய பிறகு, ஒரு பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போதே ஏ பக்கத்துக் கேபிளைக் கழற்றினால், வேகம் சில விநாடிகள் பூஜ்யத்தில் நின்றுவிட்டு மீண்டும் ஏறுகிறது, வேறொன்றும் ஆவதில்லை. இரட்டைப் பாதையை விளக்குகளைப் பார்த்து முடிவுசெய்யாமல், இப்படிக் கழற்றிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

எம்பிஐஓ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வசதியை நிறுவுவதோடு நில்லாமல், எஸ்ஏஎஸ் சாதனங்களுக்கான தேர்வையும் குறித்துவிட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்யாவிட்டால், ஒரே வால்யூம் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இரண்டு வட்டுகளாகத் தெரியும். அதே போல, சர்வரில் இருக்கும் ஒரே எச்பிஏ அட்டையின் (சர்வரை ஸ்டோரேஜுடன் இணைக்கும் அட்டை) இரு போர்ட்டுகளிலிருந்து கேபிள் இழுத்தால், அந்த அட்டை பழுதாகும்போது இரு பாதைகளும் சேர்ந்தே போகும். இரண்டாவது அட்டைக்கான செலவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. கிளஸ்டரில் இன்னொரு சர்வர் இருக்கிறதே என்போரும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கேபிள்கள் இரு முனையிலும் எஸ்எஃப்எஃப்-8644 இணைப்பான் உள்ளவையாக இருக்க வேண்டும். எங்களுக்கு விற்றவர் நீளத்தைக் கேட்காமல் 1 மீட்டர் கேபிளை அனுப்பிவைத்தார். சர்வரை ரேக்கின் ரெயிலில் முன்னே இழுத்தாலே அது விறைத்துக்கொண்டது. 2 மீட்டர் கேபிள் வந்த பிறகே, சர்வரை அணைக்காமல் வெளியே இழுத்து, பின்னால் தொங்கும் கேபிள்களைக் கட்ட முடிந்தது.

வட்டு போதாமல் கூடுதல் பெட்டிகளைச் சேர்ப்பவர்கள் கேபிளைத் தலைகீழ் வரிசையில் இழுக்க வேண்டும். ஏ கன்ட்ரோலரின் கேபிள் முதல் கூடுதல் பெட்டியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் போகும். பி கன்ட்ரோலரின் கேபிளோ கடைசிப் பெட்டிக்கு நேராகச் சென்று அங்கிருந்து மேல்நோக்கி வரும். நடுவில் ஒரு பெட்டி மின்சாரம் இழந்தாலும் அதற்கு அப்பால் உள்ளவற்றை மறுமுனையிலிருந்து அடையலாம் என்பதே இதன் பயன். இரு வரிசைகளையும் மேலிருந்து கீழாகவே இழுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

செம்புக் கேபிள் சில மீட்டருக்கு மேல் எட்டாது. ஆகவே சர்வர்கள் இதே ரேக்கிலோ பக்கத்து ரேக்கிலோதான் இருந்தாக வேண்டும். இரண்டு சர்வர்களையும் வெவ்வேறு அறைகளில் வைக்க நினைப்பவர்களும், விரைவில் நான்கு சர்வர்களைத் தாண்டிவிடுவோம் என்று எதிர்பார்ப்பவர்களும் இதே பெட்டியின் ஐஸ்கசி அல்லது ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கென்றே உள்ள தனி நெட்வொர்க் முறை) வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. போர்ட்டின் வகை கன்ட்ரோலரோடு சேர்ந்தே வருவதால், ஆர்டர் கொடுக்கும்போதே இதை முடிவுசெய்துவிட வேண்டும்.