எல்ஒய் 556 ரெசினும் டூ-கே பெயின்ட்டும்: மாடல் விமானக் கவுல்களில் சில வருட அனுபவம்

மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் மாடல் விமானங்களில் முதலில் விரிசல் விடுவது பெரும்பாலும் கவுல்தான், அதாவது எஞ்சினை மூடும் மூக்குப் பக்க உறை. எஞ்சின் அதிர்வில் ஸ்க்ரூ துளையைச் சுற்றி மயிரிழையாகக் கீறல் ஆரம்பிக்கும். ஒரு தடவை மூக்கு தரையில் குத்தினால் அது கிழிசலாகிவிடும். அடுத்த இடம் வீல் பேண்டுக்கு, அதாவது சக்கர மூடிக்கு. புதிதாக வாங்கலாம் என்றால், தயாரிப்பு நின்றுபோன கிட்டுகளுக்குப் பாகமே கிடைக்காது. கிடைத்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கூரியர் செலவு பாகத்தின் விலையைத் தொட்டுவிடும். அதனால் சென்னையில் ஃபைபர்கிளாஸ் சாமான் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்ஒய் 556 எப்பாக்ஸி ரெசின், அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்டனர், மெல்லிய கண்ணாடித் துணி, மேலே கார்களுக்கு ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட் என்று சில வருடங்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ரெசின். கடையில் கேட்டால் விலை குறைந்த பாலியஸ்டர் ரெசினைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் படகுக்கும் அது சரி. இறுகிப்போன எப்பாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. பாலியஸ்டர் மேல் எப்பாக்ஸி நன்றாகப் பிடிக்கும். கையில் இருக்கும் கவுல் எதில் செய்தது என்று தெரியாதபோது எப்பாக்ஸியே பாதுகாப்பு. பாலியஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். ஃபோம் இறக்கை பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது.

ஐந்து நிமிட எப்பாக்ஸி? மைதானத்தில் அவசரத்துக்கு ஒட்டி அன்றைக்குப் பறக்கவிடலாம், அவ்வளவுதான். சைலன்சர் பக்கத்துச் சூட்டில் அது ரப்பர் மாதிரி இளகும். உப்புத்தாள் போட்டால் தாளில் அடைத்துக்கொள்ளும்.

எல்ஒய் 556-க்கு எடைக் கணக்கில் 100-க்கு 10 முதல் 12 வரை ஹார்டனர். ஒரு கவுலுக்கு 20 கிராம் ரெசின் கலந்தால் ஹார்டனர் 2 கிராம்தான். அதில் அரை கிராம் பிசகினால் கால் பங்கு பிசகு. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.1 கிராமாவது காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். ரெசின் நல்ல கெட்டி. தின்னரோ அசிட்டோனோ ஊற்றி இளக்குகிறவர்கள் உண்டு, பலம் போய்விடும். டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தாலே துணியில் இறங்கும் அளவுக்கு இளகிவிடும். ஆனால் சூடான ரெசின் சீக்கிரம் இறுகும். கலந்ததும் கப்பிலேயே விடாமல் தட்டையான தட்டில் பரப்பினால் வேலை செய்யக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

துணி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 300, 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட், அதாவது நெய்யாமல் இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு, மாடலுக்கு ஆகாது. எடை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே போட்டது. எப்பாக்ஸியில் அது கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணி, 50 அல்லது 100 ஜிஎஸ்எம், இரண்டு மூன்று அடுக்கு போதும்.

ஒட்டு எப்போதும் உள்பக்கத்தில்தான். விரிசலின் முனையில் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. வெளியே உடைந்த விளிம்புகளைச் சேர்த்துப் பிரவுன் பேக்கிங் டேப்பை இறுக்கி ஒட்டினால் வளைவு அப்படியே நிற்கும், டேப்பில் எப்பாக்ஸியும் பிடிக்காது. பிறகு உள்ளே 80 நம்பர் தாளால் விரிசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டிய துண்டுகளை வைக்கலாம். மேலே ஓஎச்பி ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒன்றை வைத்து அழுத்தினால் மிச்ச ரெசின் வெளியே வந்துவிடும். உள்ளே நிற்கும் ரெசின் பலம் தராது, எடைதான் தரும்.

இத்தனைக்கும் முன்னால் எண்ணெய் போக வேண்டும். நைட்ரோ எரிபொருள் பலவற்றில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதைச் சரியாகக் கரைப்பதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கரைக்கும். துடைத்த பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஹார்டனருக்கு ஒரு குணம் வரும். காற்றில் ஈரம் அதிகமானால் இறுகிய எப்பாக்ஸி மேல் மெழுகு பூசியதுபோல் ஒரு பிசுபிசுப்புப் படலம் படியும். அதன் மேல் அடிக்கும் பிரைமர் பிறகு உரியும். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், படலம் தண்ணீரிலேயே கரையும். கழுவிக் காயவைத்த பிறகு தேய்க்க வேண்டும். தேய்ப்பதையும் தண்ணீர் தொட்டுத்தான் செய்கிறேன். உலர்ந்த கண்ணாடித் தூள் கையில் பட்டால் அன்று முழுக்க அரிக்கும், மூச்சில் போனால் இன்னும் மோசம்.

பள்ளம் நிரப்ப எப்பாக்ஸியில் மைக்ரோ பலூன் (உள்ளே வெற்றான நுண்ணிய மணித் தூள்) கலந்த பட்டிதான் எடை குறைவு. கார் பட்டறை என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி காய்ந்து சுருங்குவதால், பல வாரம் கழித்துப் பழைய விரிசல் கோடாகத் தெரியும். எடையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் வால் பக்கம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 90 சென்டிமீட்டரும் மூக்கு 30 சென்டிமீட்டரும் தள்ளி இருந்தால், வாலில் ஏறிய 10 கிராம் பட்டியைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். கவுலில் தாராளமாக இருக்கலாம், வால் பக்கத்தில் கருமித்தனம்தான் சரி.

இனி பெயின்ட். ஸ்ப்ரே டப்பா நிறங்கள் எலக்ட்ரிக் மாடலுக்குப் போதும். நைட்ரோவுக்குப் போதாது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் அந்தப் பூச்சை ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே கொழகொழவென்று ஆக்கிவிடும். டூ-கே பாலியூரித்தேன் நன்றாக இறுக ஒரு வாரம் விட்டால் எரிபொருளைத் தாங்குகிறது. என் கவுல்களில் சைலன்சர் வாய்க்கு நேரே மட்டும் பளபளப்பு குறைந்திருக்கிறது, உரியவில்லை. கார் பெயின்ட் கடையில் பழைய பாகத்தைக் காட்டினால் சின்ன அளவிலும் நிறம் கலந்து தருகிறார்கள். வெயிலில் வெளுத்த மஞ்சளுக்கும் சிவப்புக்கும் முழுப் பொருத்தம் வராது. அதனால் ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் அடிக்காமல், ஒரு பட்டையோ கோடோ வரும் இடம் வரை அடித்து முடிக்கிறேன்.

டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவைக்கக்கூடியது. துணி முகக்கவசத்தை நம்பி மொட்டைமாடியில் அடிப்பது வீரமில்லை. பிரைமர், தேய்ப்பு, மாஸ்கிங் வரை நான். கலரும் கிளியர் கோட்டும் சரியான மாஸ்க்கோடு வேலை செய்யும் ஒரு கார் பெயின்டரிடம். அவரிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: மெல்லிசா அடிங்க அண்ணா. காருக்கு அடிக்கிற கனத்தில் அடித்தால் எடை எங்கோ போய்விடும்.

நிறத் தேர்வில் என் ஓட்டு வெள்ளைக்கு. அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸிகள் பல 50, 60 டிகிரிவாக்கில் இளக ஆரம்பிக்கும்; சித்திரை வெயிலில் கறுப்புப் பரப்பு அதை எளிதாகத் தாண்டும். 1957-ல் ஜெர்மனியில் பறந்த முதல் ஃபைபர்கிளாஸ் கிளைடரான எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸுக்குப் பிறகு வந்த பெரிய கிளைடர்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். கறுப்புக் கவுல் கேட்கும் நண்பர்களுக்கு மூக்கில் ஒரு பட்டை மட்டும் போட்டுத் தருகிறேன்.

இந்த ரெசினில் குறை என்றால் வெயிலில் மஞ்சளாகும், பெயின்ட் இல்லாமல் விட முடியாது. ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பு வரும், கையுறை கட்டாயம். ஒரு கிலோ செட் தனி ஆளுக்கு அதிகம். மைதானத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே லாபம்.