'ஓ' என்றோர் ஊர்: நார்வே மீனவர் கிராம அருங்காட்சியகம்

நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில், இ10 நெடுஞ்சாலை முடிந்துபோகும் இடத்தில் இருக்கும் இச்சிற்றூரின் பெயர் ஒரே ஓர் எழுத்து. நார்வே நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான அதை 'ஓ' என்று ஒலித்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். 1917 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இரண்டு 'ஏ'க்களைச் சேர்த்து எழுதப்பட்டுவந்த அச்சொல்லுக்குச் சிற்றாறு என்று பொருள். நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் நம்முடைய 'ஓ'வும் உண்டு. மதகில் நீரைத் தாங்கும் பலகை என்பது அதன் பொருள். தற்செயல்தான், ஆனாலும் இரண்டும் தண்ணீரை விட்டு விலகவில்லை.

வருகிறவர்களில் பலர் பெயர்ப்பலகையின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். (அந்தப் பலகை அடிக்கடி களவு போவதும் உண்டு.) அரைநாள் ஒதுக்கக்கூடியவர்கள் இங்குள்ள நார்வே மீனவர் கிராம அருங்காட்சியகத்துக்குத் தயங்காமல் சீட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. அது ஒற்றைக் கட்டடம் அன்று. படகுக் கொட்டகை, கொல்லர் பட்டறை, மீனவர் குடில், அடுமனை, மீன் எண்ணெய் எடுக்கும் ஆலை எனப் பழைய மரக் கட்டடங்கள் ஊர் முழுவதும் சிதறிக் கிடக்க, அவற்றுக்கு நடுவே மக்கள் குடியிருக்கிறார்கள். அருங்காட்சியகம் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாததையே நான் இதன் சிறப்பாகக் கருதுகிறேன்.

முதலில் எண்ணெய் ஆலைக்குச் செல்லுங்கள். காட் மீனின் ஈரலை நீராவியில் வேகவைத்து, மேலே மிதந்து வரும் எண்ணெயை இங்கே பிரித்தெடுத்தார்கள். தெளிந்தது மருந்தாயிற்று, மட்டமானது விளக்குக்கும் தோல் பதனிடவும் போயிற்று. சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெயை விழுங்கியவர்களுக்கு அந்த அறையில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அடுத்து, 'ரூர்பு' எனப்படும் மீனவர் குடில். முட்டையிடுவதற்காகக் காட் மீன்கள் பாரென்ட்ஸ் கடலிலிருந்து கூட்டமாக வரும் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், வெளியூர்களிலிருந்து திறந்த படகுகளில் வந்த மீனவர்கள் இத்தகைய குடில்களில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். நிலமும் குடிலும் ஊர் முதலாளிக்கே சொந்தம், பிடித்த மீனை வாங்குகிறவரும் அவரே என்ற ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது. முதலாளியின் பெரிய வீட்டையும் குடிலின் தாழ்ந்த கூரையையும் அடுத்தடுத்துப் பார்க்கையில் அந்த உறவு எத்தகையது என்பது, எந்தக் குறிப்பட்டையையும் படிக்காமலே விளங்கிவிடுகிறது.

கருவாடு என்றாலே உப்பு என்று பழகிய நமக்கு, ஒரு கல் உப்புகூடச் சேர்க்காமல் குளிர்ந்த கடற்காற்றில் மட்டுமே உலரும் இவ்வூர் மீன் வியப்பளிக்கும். இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிடப்படும் இம்மீனுக்கு இத்தாலி முக்கியமான சந்தை. தனியே உலர்த்தப்படும் தலைகள் நைசீரியாவுக்குச் செல்கின்றன. இதில் பார்வையாளருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சட்டங்கள் நிறைந்திருப்பதைக் காண மார்ச், ஏப்ரலில் வரவேண்டும். 1844-இல் கட்டப்பட்ட அடுமனையின் இலவங்கப்பட்டை ரொட்டியோ பெரும்பாலும் கோடைக்குரியது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், ரொட்டியை விட்டுவிட்டு மீனுக்காக வருவதையே நான் பரிந்துரைப்பேன்.

பூடோ நகரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்யும் கப்பல் மொஸ்கெனெஸ் துறைக்கு வருகிறது. அங்கிருந்து ஊர் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். காரில் வருவோர் கடைசிச் சுரங்கப்பாதையைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கோடையில் இரவு தங்குவோர் காதடைப்பான் கொண்டு செல்வது நல்லது. கடற்காக்கைகள் வீட்டுச் சுவர்களின் விளிம்புகளிலேயே கூடு கட்டுகின்றன. மே இறுதியிலிருந்து சூலை நடுப்பகுதி வரை சூரியன் மறையாத அவ்வூரில் அவற்றுக்கு இரவென்று ஒன்று இல்லை.