பழைய அசெம்பிளி ரொட்டீன்: படிப்பதா, ஓட்டிப் பார்ப்பதா?

டாஸ் (பழைய பிசி இயங்குதளம்) காலத்து நிரலிலிருந்து பிரித்தெடுத்த அசெம்பிளி ரொட்டீன் ஒன்று, அதாவது பிராசஸர் கட்டளைகளாக எழுதிய சின்னக் கோடுத் துண்டு, என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். இயங்கும் ஃபைலைப் படிக்கத்தக்க கோடாக மாற்றிக் காட்டும் கீட்ராவில் படிக்கலாம்; டாஸைப் போலச் செய்யும் டாஸ்பாக்ஸின் டீபக்கரில், படிப்படியாக நிறுத்திப் பார்த்து ஓட்டலாம்.

செலவு: இரண்டும் இலவசம்.

தொடங்க: படிக்க ஃபைல் போதும். ஓட்ட, நிரல் முழுசாக இயங்க வேண்டும்.

தெளிவு: படித்தால் கோடு பிரிந்து போகும் எல்லாக் கிளைகளும் தெரியும். 'இன்ட் 21எச்' (டாஸிடம் வேலை கேட்கும் கட்டளை) வந்தால் ஏஎச் ரெஜிஸ்டரை (பிராசஸருக்குள் மதிப்பு வைக்கும் இடம்) பாருங்கள்: 3டி என்றால் ஃபைலைத் திறக்கிறது, 3எஃப் என்றால் அதிலிருந்து வாசிக்கிறது. ஆனால் எஸ்ஐ என்ற இன்னொரு ரெஜிஸ்டர் எந்த டேட்டாவைச் சுட்டுகிறது என்பது பல நேரம் ஊகம்தான். ஓட்டினால் அந்த மதிப்பு கண்ணெதிரே நிற்கும். ஓடாத கிளை மட்டும் தெரியாது.

செக்சம் (டேட்டா சரியா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) மாதிரி சின்னக் கணக்கா? படித்துவிடுங்கள். தன்னையே மாற்றி எழுதும் கோடு, சுருக்கி அடைத்த ஈஎக்ஸ்இ (இயங்கும் ஃபைல்) என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓட்டுங்கள். அப்புறம் மெமரியில் விரிந்த கோடைச் சேமித்துவிட்டு, அதைப் படிக்கலாம்.