9 ரூபாய் சர்க்கரைன்னு போர்டு பார்த்தா கொஞ்சம் நில்லுங்க மக்களே

மதுரைல எங்க ஏரியால புதுசா ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்திருக்காங்க, பேரு வேண்டாம். 999க்கு மளிகை வாங்கினா 1 கிலோ சர்க்கரை 9 ரூபாய்னு வாசல்லயே ஆளுயர பேனர். மாசச் சாமான் எப்படியும் வாங்கணும், இங்கயே வாங்கிடுவோம்னு நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம்.

டிராலி நிறைய சாமான், பில்லு 2,300 தாண்டிருச்சு. சர்க்கரையை எடுத்து வச்சா கவுன்டர்ல இருந்த பொண்ணு "மேடம், உங்களுக்கு ஆஃபர் வராது"ங்குது. ஏம்மான்னா அரிசி, எண்ணெய், பருப்பு, பால் பவுடர் எதுவும் கணக்குல சேராதாம், மீதி 870 தான் வருதாம், "இன்னும் 129க்கு ஏதாவது எடுத்துக்கோங்க மேடம், பிஸ்கட் அந்தப் பக்கம் இருக்கு". மளிகைல அரிசி பருப்பு எண்ணெயை கழிச்சிட்டா என்னதான் மிச்சம் இருக்கும், சோப்பும் ஷாம்புமா? பேனர்ல அடியில ஒரு குட்டி ஸ்டார் போட்டு எறும்பு சைஸ்ல எழுதியிருக்காங்க, போன் கேமராவுல ஜூம் பண்ணித்தான் படிச்சேன். பின்னாடி க்யூல எல்லாரும் உச்சு கொட்டுறாங்க, இவரு வேற "விடும்மா எடுத்துக்கலாம்"னு பிஸ்கட் எடுத்துட்டு வந்துட்டாரு. வெளியில 44 ரூபாய் சர்க்கரை, ஆக லாபம் 35.

வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தா துவரம்பருப்பு ரேக்ல 134னு இருந்தது பில்லுல 152. ரெண்டு பாக்கெட், 36 ரூபாய் போச்சு! சர்க்கரைல குடுத்ததை பருப்புல பிடுங்கிட்டாங்க, மேல ஒரு ரூபாயும் சேர்த்து. நல்லவேளை ரேக்கை போட்டோ எடுத்து வச்சிருந்தேன், திரும்பப் போய் காட்டினா "சிஸ்டத்துல அப்டேட் ஆகல மேடம், எம்ஆர்பி 170, அதுக்குள்ளதான போட்டிருக்கோம்"ங்கிறாரு மேனேஜர். எம்ஆர்பிக்குள்ள இருந்தா ரேக்ல ஒண்ணு பில்லுல ஒண்ணு போடலாமா? கடைசில காசா தரமாட்டோம், கிரெடிட் நோட்டுதான்னுட்டாங்க, அதுவும் அடுத்த தடவை 500க்கு மேல வாங்கினாத்தான் செல்லுமாம்.

எண்ணெய் கதை தனி. ஆஃபர்ல 125 ரூபா சன்ஃபிளவர் பாக்கெட், பார்க்க ஒரு லிட்டர் மாதிரியேதான் இருக்கும், திருப்பிப் பார்த்தா 750 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் வரும், அந்தக் கணக்குல லிட்டருக்கு 151 ரூபாய்க்கு மேல போகுது, எங்க தெரு அண்ணாச்சி கடையில முழு லிட்டர் பாக்கெட்டே 148தான். இப்பல்லாம் பாக்கெட்டுலயே கிராமுக்கு இவ்ளோன்னு யூனிட் சேல் பிரைஸ் போட்டிருப்பாங்க, எம்ஆர்பி பக்கத்துலயே சின்னதா இருக்கும், ஆனா அது எம்ஆர்பி கணக்கு, ஆஃபர் விலைக்கு நாமதான் போன்ல வகுத்துப் பார்க்கணும்.

அங்க போறவங்க பில் போடும்போது ஸ்கிரீனைப் பார்த்துட்டே நில்லுங்க, பருப்பு எண்ணெய்க்காவது ரேக் விலையை போட்டோ எடுத்துக்கோங்க. நான் 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் போட்டு கம்ப்ளைன்ட் பதிஞ்சுட்டேன், நம்பரும் மெசேஜ்ல வந்திருக்கு. உங்களுக்கும் இதே கடையில இப்படி ஆகியிருந்தா பில்லைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, நீங்களும் ஒரு கம்ப்ளைன்ட் போடுங்க. 36 ரூபாய் கிரெடிட் நோட்டு என்கிட்ட சும்மாதான் கிடக்கு, வேணுங்கிறவங்க வந்து வாங்கிக்கோங்க, நான் அந்தப் பக்கம் போறதா இல்ல.