கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்ட்

குழந்தை பிறந்த பிறகு ஜிம்முக்குப் போய்வர நேரம் வாய்க்காத தந்தையருக்கு, கைப்பிடிகளும் கதவிடுக்கில் செருகும் பட்டையும் சேர்ந்து வரும் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். டம்பெல்லைத் தரையில் வைக்கும்போது எழும் ஓசைக்கே விழித்துக்கொள்ளும் குழந்தை, இதன் இழுவைக்கு அசைவதில்லை.

வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அழுகுரல் கேட்டதும் பாதியில் விட்டு ஓடி, பிறகு வந்து தொடர்வதற்கு இதைவிட எளிய கருவி இல்லை. குனிந்து டயப்பர் மாற்றியும் குழந்தையைத் தோளில் சுமந்தும் களைத்துப்போன முதுகுக்கு, பேண்டை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சி நல்ல பலன் தருகிறது. ஆனால், நீள நீளத்தான் இதன் எதிர்விசை கூடும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையை நம்பிவிட வேண்டாம்; கால்களுக்கு, குறிப்பாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு, இது போதவே போதாது.

நாம் இழுக்கும்போது கதவு மேலும் இறுகச் சாத்திக்கொள்ளும் பக்கத்தில் நின்றே பயிற்சி செய்ய வேண்டும். இயற்கை ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் வெடிப்பு விடும். ஆகவே மாடியிலோ காரிலோ போட்டு வைக்காமல், ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்த பிறகே இழுப்பது நல்லது. பயிற்சி நேரத்தில் குழந்தை அருகில் இருக்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், முடிந்ததும் உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.