தேனீப் பெட்டி கிட் வாங்கப் போறீங்களா? ரூ.6,850 இழந்தவள் சொல்கிறேன், கொஞ்சம் நில்லுங்கள்

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். படபடப்பு இன்னும் அடங்கவில்லை. ரூ.6,850. சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு. தேனீப் பெட்டியைப் பலகை பலகையாக ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்துக்கு வெளியே. வீட்டைச் சுற்றி இருபது சென்ட் இருக்கிறது. பாகல் பந்தல், கீழே பூசணி, வெள்ளரி. போன வருஷம் பூசணிப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். எங்கள் பக்கம் மருந்தடி அதிகம், தேனீயே கண்ணில் படுவதில்லை. விடிகாலையில் எழுந்து ஆண்பூவைப் பறித்து ஒவ்வொரு பெண்பூவிலும் நானே தடவிக்கொண்டிருந்தேன். மாட்டையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்கு அப்படிச் செய்ய முடியும்? ஒரு பெட்டி வைத்துவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

போனில் ஒரு வீடியோ வந்தது. மாடித்தோட்டச் சாமான், விதை எல்லாம் விற்கும் ஆன்லைன் கடை. வயசான ஒருவர், முகத்தில் வலைகூட இல்லாமல், தேனடை தொங்கும் மரச்சட்டத்தை வெறுங்கையால் தூக்கிக் காட்டுகிறார். அடை முழுக்கத் தேனீ. அவர் விரல் மேல் ஊர்கிறது, ஒன்றும் கொட்டவில்லை. "எங்கப்பா. முப்பது வருஷமா தேனீதான் அவருக்கு எல்லாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தப் பெரியவரின் கையைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். வேறு எதையும் பார்த்து இல்லை.

போன் போட்டேன். அரைமணி நேரம் பேசினான். "அக்கா, இது மார்த்தாண்டத்துல செஞ்ச நியூட்டன் பெட்டி. தேக்கு. எல்லாம் அளவா அறுத்துத் துளை போட்டு வரும். உங்க பையன்கூட பூட்டிடுவான். தேனீக் கூட்டம் நாங்களே அனுப்பிடுவோம், ராணியோட, மூணு அடை. ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தம்பிக்கு ஒரு போன் போடுங்க, வேற கூட்டம் வரும்." மார்த்தாண்டம் என்றதும் எனக்கு அடுத்த கேள்வியே வரவில்லை. குமரி மாவட்டத்துத் தேன் பேர் தெரியாதவர் யார்? நியூட்டன் பெட்டியும் சும்மா வந்த பேர் இல்லை. 1910-களில் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் நம்மூர்த் தேனீயின் உடம்புக்கும் கூட்டுக்கும் ஏற்ற அளவில் செய்த சின்னப் பெட்டி அது. அந்தப் பேரைச் சொல்லி விற்கிறவன் அளவு தெரியாதவனாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டிக்கு 3,900, கூட்டத்துக்கு 2,500, அனுப்புகிற செலவு 450. மொத்தம் ரூ.6,850. முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் வரும் என்றது பத்தொன்பது நாள் கழித்து வந்தது. அட்டைப்பெட்டியில் பலகைகள், சட்டத்துக்கு வேண்டிய கட்டைகள், ஒரு கவரில் ஆணி. எதை எதோடு பூட்டுவது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. வீடியோவில் பெட்டிக் காலுக்கு அடியில் நாலு எறும்புக் கிண்ணம் காட்டினான், அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் பத்தாவது படிக்கும் என் மகனும் திண்ணையில் உட்கார்ந்து பூட்டினோம். அடிப்பலகை, அதன்மேல் புழு வளரும் புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி. சொன்னால் எளிது. துளை ஒன்றுக்கொன்று நேராக இல்லை. இரண்டு பலகையில் ஆணி வெளியே வந்துவிட்டது. தேக்கு என்றானே, அறுத்த ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே தேக்கு மாதிரித் தாள். உள்பக்கமும் எனாமல் பெயின்ட். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறியது.

ஏழு சட்டத்தையும் உள்ளே தொங்கவிட்டோம். இங்கேதான் எனக்கு முதலில் உறுத்தியது. சட்டத்தின் மேல்கட்டை இரண்டு பக்கமும் பெட்டியின் படியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தது, ஆனால் நெல்மணி அகலம் கூட இல்லை. விரலால் லேசாகத் தள்ளினால் ஒரு பக்கம் வழுக்கியது. படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"அதெல்லாம் கவலைப்படாதீங்க அக்கா. தேனீ உள்ள போனதும் மெழுகு வச்சு அதுவே ஒட்டிக்கும்."

இந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தெரியாமல் சொன்னானா, தெரிந்தே சொன்னானா? எப்படியானாலும் ஒரு உயிருள்ள கூட்டத்தை அந்தப் பெட்டிக்கு அனுப்பினான்.

கூட்டம் இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து பஸ் பார்சலில் வந்தது. நல்ல கூட்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. மூன்று அடையை வாழைநாரால் சட்டத்தில் கட்டியிருந்தார்கள். அவன் போனில் சொல்லச் சொல்ல, பொழுது சாய்ந்ததும் சட்டங்களை ஒவ்வொன்றாக எங்கள் பெட்டிக்கு மாற்றினோம். கடைசிச் சட்டத்தை வைத்துவிட்டு மகன் மூடியை மெதுவாகத்தான் வைத்தான். நான் பக்கத்தில் நிற்கிறேன். உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம். அதுவரை ஒரே சீராக இருந்த ரீங்காரம் சட்டென்று ஏறியது. மூடியைத் தூக்கினால் நடுச்சட்டம் ஒரு பக்கமாக வழுக்கிக் கீழே போயிருந்தது. அடை நாரை விட்டுக் கழன்று, பக்கத்து அடைமேல் சாய்ந்து நசுங்கிக் கிடந்தது. தேன் வழிகிறது, அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு, இறக்கை ஒட்டிக்கொண்டு தேனீக்கள். என் மகன் அழுதுவிட்டான். கையிலும் கழுத்திலும் கொட்டியது அவனுக்கு. அதற்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே போன் செய்தேன். "பூட்டும்போது ஆட்டியிருப்பீங்க அக்கா." மறுநாள்: "இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்கேன்." அதற்கு மறுநாள் எடுக்கவில்லை. கீழே வழிந்த தேனுக்கு எறும்பு வந்தது. கிண்ணம் இல்லாததால் பிளாஸ்டிக் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றிக் காலுக்கு வைத்தேன். நாலாம் நாள் கோடை மழை ஒன்று அடித்தது, பலகை ஊறி உப்பி மூலை பிரிந்தது. ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு மொத்தக் கூட்டமும் வெளியே வந்து வேப்பமரத்துக்கு மேலே சுற்றியது. தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். கிழக்கே போய்விட்டது. நம்மூர்த் தேனீ இடம் பிடிக்காவிட்டால் இருக்காது, போய்விடும்.

அதன்பிறகு பேச்சே மாறிவிட்டது. "உயிர்ப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." சரி, பெட்டிக்காவது பணம் கொடு என்றால், "பூட்டின பெட்டிக்கு ரிட்டர்ன் கிடையாது." பூட்டாமல் அளவு தப்பு என்று எப்படித் தெரியும்? இதை நான் நாலு தடவை கேட்டேன், ஒரு தடவைகூடப் பதில் இல்லை. "ஓனர்கிட்ட சொல்லிட்டேன்" என்றான். ஓனர் யார் என்றால் அப்பா என்றான். அப்பாவிடம் போனைக் கொடு என்றேன். "அவருக்குக் காது கேக்காதுக்கா." வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டார்கள். நேற்று ராத்திரி பிளாக்.

என் சித்தப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருப்பவர். ரப்பர் தளிர்க்கும் காலத்தில் அந்தத் தளிரில் சுரக்கும் தேனுக்காகவே வைப்பார்கள். முதலிலேயே அவரிடம் போயிருக்க வேண்டும். மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாததால்தான் இந்தக் கிட்டுக்கு ஆசைப்பட்டேன். போன ஞாயிறு அவரே பஸ் ஏறி வந்தார், பையில் தன் சட்டம் ஒன்றையும் அளவெடுக்கும் அடிக்குச்சியையும் போட்டுக்கொண்டு. இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சட்டம் சரிதான், உள்ளளவு நீளம் 20 சென்டிமீட்டர் சொச்சம், உயரம் 14 சொச்சம். பெட்டிதான் தப்பு. உள்நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். அதனால்தான் மேல்கட்டை படியில் நிற்கவில்லை.

"மக்ளே, இதுல பாரு" என்று சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். விரல் முழுசாகப் போனது. "இவ்ளோ இடம் விடப்பிடாது. ஒரு தேனீ நடந்து போற இடம் போதும்." எட்டு மில்லிமீட்டர் வாக்கில். அதைவிடக் குறைந்தால் தேனீ நுழையாது, கூடினால் அங்கேயும் அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு சேர்த்துவிடும். தூக்கினால் பிய்ந்து வரும். 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் இந்த இடைவெளியைப் புரிந்துகொண்ட பிறகுதான் சட்டத்தைக் கழற்றி மாட்டும் பெட்டியே ஒழுங்காக வந்தது. நூற்றெழுபது வருஷமாகத் தெரிந்த விஷயம். மரத்தை அறுக்கிறவனுக்கு இது தெரியாவிட்டால் அவன் அறுத்தது வெறும் பெட்டி, தேனீப் பெட்டி இல்லை.

தேனீ ஒட்டிக்கொள்ளும் என்று அவன் சொன்னதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் சாக் புரூட் நோய் வந்து குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் கூட்டம் அழிந்தபோது எல்லாவற்றையும் இழந்து, திரும்ப ஒரு கூட்டத்திலிருந்து தொடங்கியவர். காய்ந்துபோன அந்த நடு அடையைக் கையில் எடுத்து, அதில் மூடியிருந்த புழுக் கண்ணறைகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இது எல்லாம் இன்னும் ரெண்டு வாரத்துல பறக்க வேண்டிய பிள்ளைங்க" என்றார். பெட்டி விலையைச் சொன்னதும், இதில் பாதிக்குத் தன் ஊர்த் தச்சர் நல்ல மரத்தில் செய்து கொடுப்பார் என்றார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பும் முன் பூட்டிய பெட்டிக்குள் சட்டத்தை மாட்டி, பக்க இடைவெளியில் அடிக்குச்சி வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். முழுப் பணம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். உள்ளே பெயின்ட் அடித்த பெட்டி வேண்டாம், தூள் பலகை வேண்டவே வேண்டாம். பெட்டியும் கூட்டமும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் வாங்காதீர்கள். பெட்டி வந்து, சட்டம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தபிறகு கூட்டத்தைப் பக்கத்து ஊரிலேயே தேடுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள், போய் ஒரு நாள் கண்ணால் பாருங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பிய ரசீது, அவனுடைய வாய்ஸ் மெசேஜ், படங்கள் எல்லாவற்றையும் மகன் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை பால் கறந்து கொடுத்துவிட்டு சைபர் கிரைம் போலீசிடம் போகிறேன். ரூ.6,850. அந்தப் பெரியவர் வெறுங்கையால் சட்டம் தூக்கும் வீடியோவோடு வேறு பேரில் யாராவது பெட்டி விற்பதைப் பார்த்தால் வாங்காதீர்கள், கீழே எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.